விளி கேட்ட கானக்கோழி

பறவையை அகப்படுத்தப் பறவையையே துணைக்கொள்ளும் வழக்கம் தமிழர்க்கு மிகப் பழையது. பழக்கி வளர்த்த ஒரு மானையோ புள்ளையோ காட்டில் கட்டிவைத்து, அதனைக் கண்டும் அதன் குரலைக் கேட்டும் நெருங்கிவரும் இனத்தை வலைப்படுத்துவர் வேட்டுவர். அங்ஙனம் கட்டிவைக்கப்படும் உயிருக்குச் சங்க நூல்கள் 'பார்வை' என்று பெயரிட்டன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பின் முன்றிலிலே விளாமரத்தடியில் பார்வைமான் ஒன்று கட்டுண்டு நிற்கிறது. நற்றிணையின் 212ஆம் பாட்டில் பார்வை வேட்டுவன் விரித்த வலையைக் கண்டு வெருவிய கணந்துள் என்னும் பறவை கதறுகிறது. அக்கதறல் அருஞ்சுரத்தின் வழியே செல்லும் கூத்தரின் யாழொலியோடு இயைந்து ஒலிக்கிறது. பாட்டின் அழகில் ஈடுபடுவோர் ஒன்றை மறந்துவிடுவர். அப்பறவை மயங்கவில்லை, தப்பிவிட்டது. மாணாக்கர்க்கு இப்பாட்டைச் சொல்லும்போதெல்லாம் யான் அவ்விடத்தில் சற்று நிற்பதுண்டு. வேட்டுவன் செய்த வஞ்சனையில் அது கண்ட குறை யாது? பறவையின் செவியை ஏமாற்றுவது எளிதா, அரிதா?

இவ்வினாவுக்கு ஏட்டிலே விடை தேடிப் பல்லாண்டு கழித்தேன். கிடைத்த விடையோ அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் இருந்தது.

மலைநாட்டுக்கு வெளியே வாழும் வாசகர் பொருட்டு எங்கள் கானக்கோழியைப் பற்றி இரண்டொரு சொல் சொல்லவேண்டும். இலங்கைக்கே உரிய பறவை இது. வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லை. நாட்டின் தேசியப் பறவை என்னும் சிறப்பும் இதற்கு உண்டு. 1831ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் லெசன், தம் நாட்டுப் பெருமகனாகிய லபாயெத்தின் பெயரை இதன்மீது ஏற்றிவிட்டார். பாவம், அந்தப் பெருமகன் இப்பறவையைக் கண்டிருக்க மாட்டார். சேவலின் செங்கொண்டையின் நடுவே மஞ்சட்டிட்டு ஒன்று விளங்கும். மார்பு நெருப்பு நிறம், வால் கருநீலம். தமிழகத்து மேற்குமலைத் தொடரில் வாழும் சாம்பல்நிறக் கானக்கோழியினின்றும் இது நிறத்தாலும் வேறு, குரலாலும் வேறு. இதன் கூவல் நம் வீட்டுச் சேவலின் கூவலைப்போல் நீண்டு இழுபடாது. வெட்டி வெட்டி விழும். தோட்டத்துத் துரைமாருள் சிலர் காதுக்கு அது 'ஜார்ஜ் ஜாய்ஸ்' என்று தம்மவர் ஒருவரைப் பேர்சொல்லிக் கூப்பிடுவதுபோல் ஒலித்ததாம். செவிக்குச் செவி மொழி வேறு.

மலையுச்சிக் காடுகளிலே 'நெலு' என்று சிங்களத்தில் வழங்கும் செடிகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து மடியும். அவை நம் குறிஞ்சியின் உறவினமே. அவ்விதையை உண்ணக் கானக்கோழிகள் கூட்டங்கூட்டமாக மேலேறி ஓட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகளில் நிறையும். பழைய துரைமார் அக்காலம் பார்த்துத் துவக்கோடு புறப்படுவர். குறிஞ்சி பூத்தால் நம் புலவர்க்கு அகத்திணை நினைவு வரும். அவர்களுக்குக் கோழிக்குழம்பு நினைவு வந்தது.

துவக்கில்லாத தோட்டத்துத் தொழிலாளிக்கு வேறு வழி இருந்தது. அதனை எனக்குக் காட்டியவர் எண்பதை அணுகிய முதியவர் ஒருவர். இளமையிற் கவ்வாத்து வெட்டியவர். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே அரிசியும் மாவும் அரிதாகி மக்கள் பசியால் மெலிந்து மாண்ட கொடுமையை மலைநாட்டார் எவரும் மறவார். அந்நாளில் ஒரு கானக்கோழி அகப்பட்டால் அவர் வீட்டுச் சிறுவர் மூவருக்கும் ஒருவேளை உணவு. ஆதலின் அவர் கற்றது விளையாட்டுக் கலை அன்று. பிழைத்தால் பட்டினி என்ற நிலையிற் கற்ற கலை.

அவர் கையாண்ட உத்தியைக் கேட்டபோது எனக்கு நகைப்பே வந்தது. வாயாற் கூவுவதில்லை, குழலும் இல்லை, கூட்டில் அடைத்த பார்வைச் சேவலும் இல்லை. புதரோரத்தில் குந்தியிருந்து, மடித்த துண்டைத் தொடைமீது வைத்து, உள்ளங்கையைக் குவித்துப் படபடவென்று நாலைந்து முறை அடிப்பார். அவ்வளவுதான். சேவல் சிறகடிக்கும் ஓசை அது என்று சொன்னார். துணி துவைக்கும் ஓசை என்றே என் செவி சொல்லிற்று.

விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டு முதலே இந்நாட்டில் உண்டு. பின்வந்த திருத்தங்கள் அதனை மேலும் இறுக்கின. முதியவரும் கண்ணி வைப்பதை விட்டு நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே கண்ணியும் இன்றிக் கத்தியும் இன்றி, செவி ஒன்றையே கொண்டு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் விடியற்போதில் அவருடன் தோட்டத்து எல்லைக் காட்டுக்குச் சென்றேன். பறவைக் குரல்களை அப்படியே எடுத்துப் பேசவல்ல மாணவன் ஒருவனையும் உடன் அழைத்துக்கொண்டேன். அவன் கூவினால் லயத்துச் சேவல்கள் வரிசையாக மறுமொழி கூறும். பள்ளிக்கூட விழாவில் அவனுக்குப் பரிசும் கிடைத்ததுண்டு.

முதல் நாள் அவன் கானக்கோழியைப்போற் கூவினான். என் செவிக்கு அக்குரலிற் குற்றமே இல்லை. சரிவின் கீழேயிருந்து உண்மைச் சேவல் ஒன்று எதிர்க் கூவியது. மகிழ்ந்தோம். அவன் மீண்டும் கூவ, அதுவும் மீண்டும் கூவிற்று. அரை மணிநேரம் இவ்வாறு கழிந்தது. சேவல் இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் அசையவில்லை.

முதியவர் சிரித்தார். "கூவினா பதில் சொல்லும் வாத்தியாரையா, வராது. இந்த மலையில இன்னொருத்தன் இருக்கான்னு அதுக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

மறுநாள் அவர் தம் துண்டை மடித்தார். அடித்தார், நிறுத்தினார். நூறு எண்ணும் அளவு காத்திருந்தார். மீண்டும் ஒருமுறை, முன்னையினும் மெதுவாக. அவ்வளவில் காய்ந்த சருகு நொறுங்கும் ஓசை கேட்டது. கழுத்து மயிர் சிலிர்த்து, தலை தாழ்த்தி, அச்சேவல் எங்களுக்குப் பதினைந்து முழத்தொலைவிற் புதர்நடுவே வந்து நின்றது. அதன் கொண்டையின் மஞ்சளை அன்றுதான் யான் நேரிற் கண்டேன்.

நயமான குரல் தோற்றது. முரட்டு அடி வென்றது. இதற்குக் காரணம் என்ன என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணினேன். கூவல் மலைக்கு மலை எட்டும் ஓசை. அதனைக் கேட்ட சேவல், 'ஒருவன் எங்கோ இருக்கிறான்' என்று மட்டும் அறிகிறது. 'யானும் இருக்கிறேன்' என்று கூறி அமைகிறது. சிறகடிப்போ சிறிது தொலைவுக்கு மேற் கேளாது. அது கேட்டது என்றாலே அயலான் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்பது பொருள். பிறகு மறுமொழிக்கு இடமேது? போருக்கு வரவேண்டியதுதான். முதியவர் எடுத்தது குரலின் ஒப்புமையை அன்று, செய்தியின் ஒப்புமையை.

மூன்றாம் நாள் மாணவன் ஓர் இலையை உதட்டில் வைத்துக் குஞ்சு கதறுவதுபோல் ஊதினான். பெடை ஒன்று விரைந்து வந்தது, எங்களைக் கண்டது சேவலினும் முன்னதாக, உடனே மறைந்தது. தாய் செவியால் வந்து கண்ணால் தெளிகிறது போலும்.

இவையனைத்தும் ஒரு காட்டில், ஒரு மாதத்தில், சிலநாட் கண்டவை. இவற்றைக்கொண்டு விதி வகுக்க யான் துணியேன். ஆயினும் பிறநாட்டு ஆராய்ச்சியாளர் கண்டவை முதியவரின் பக்கமே நிற்கின்றன. கனடாவில் வீடன், பால்சு என்னும் இருவர் 1959ஆம் ஆண்டில் ஒரு சிறு பாடும் பறவையிடத்தே ஒலிப்பதிவைக்கொண்டு சோதித்தனர். பக்கத்து எல்லைப் பறவையின் பாட்டைக் கேட்டபோது அது அதிகம் கலங்கவில்லை. முன்பின் அறியாத பறவையின் பாட்டைக் கேட்டபோது சீறி எழுந்தது. பாட்டு ஒன்றே, பாடுவோன் எவன் என்பதே பறவைக்கு வழக்கு. மற்றோர் ஆராய்ச்சி நம் வீட்டு முற்றத்துக்கே உரியது. கொலியசு, ஜூசு என்போர் 1953இல் வீட்டுக்கோழியின் குரல்களை ஒலிவரைவுக் கருவியால் அளந்தனர். தாய்க்கோழியின் அழைப்பிற் குஞ்சுகளை இழுக்கும் கூறுகள், ஓசை தாழ்ந்திருத்தல், குறுகியிருத்தல், விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் வருதல் ஆகியவை எனக் கண்டனர். தரையில் விரலால் 'டொக்கு டொக்கு' என்று தட்டினால் குஞ்சுகள் ஓடிவருவதை நம் பாட்டிமார் நெடுநாளாக அறிவர். தட்டும் விரலுக்கும் கோழித்தொண்டைக்கும் என்ன ஒப்பு? ஆயினும் அம்மூன்று கூறும் அங்கே உள்ளன. அவையிருப்பின் குஞ்சுக்குப் போதும்.

இத்துறையில் மிகுதியாக உழைத்தவர் அமெரிக்க நாட்டு வேடர். அவர் நாடுவது காட்டு வான்கோழி. (வான்கோழி அமெரிக்க நிலத்துப் பறவை. முகலாயப் பேரரசர் ஜகாங்கீரின் அவைக்கு 1612ஆம் ஆண்டில் அது புதுமைப் பொருளாக வர, மன்சூர் என்னும் ஓவியர் அதனை வரைந்தார். அங்ஙனமாயின் மூதுரையில் மயிலைப் பார்த்துச் சிறகு விரிக்கும் வான்கோழி எது என்று மாணாக்கர் கேட்பர். அது வேறொரு கட்டுரைக்குரிய வழக்கு.) ஆண் வான்கோழியை அழைக்க அவர்கள் செய்த கருவிகள் பல. தொல்குடியினர் அப்பறவையின் சிறகெலும்பையே குழலாக்கி உறிஞ்சி ஒலியெழுப்பினர். மரப்பெட்டியின் விளிம்பில் வெண்கட்டி தடவிய மூடியை உராய்ந்து பெடைக்குரல் எழுப்பும் கருவிக்கு 1897ஆம் ஆண்டில் ஆர்க்கன்சா மாநிலத்து ஹென்றி கிப்சன் ஆக்கவுரிமை பெற்றார். பள்ளிச் சிறுவரின் சிலேட்டுப்போன்ற வட்டத்தை மரக்குச்சியாற் கீறும் வகை ஒன்று. மெல்லிய இறப்பர்த் தகட்டை அண்ணத்தில் ஒட்டி ஊதும் வகை மற்றொன்று. இதனால் கை இரண்டும் துவக்குக்கு ஒழிந்திருக்கும். எது உண்மைக் குரலுக்கு மிக நெருங்கியது என்று அவர்களுள் ஓயாத சொற்போர். அழைப்புப் போட்டிகளும் உண்டு. அப்போட்டிகளில் நடுவராக வீற்றிருப்போர் மனிதர். வான்கோழி இருந்து தீர்ப்புச் சொன்னால் பரிசு எவனுக்குப் போகுமோ!

அங்கும் ஒரு நுட்பம் உண்டு. இயற்கையில் ஆண் வான்கோழி நின்ற இடத்தில் நின்று முழங்கும். பெடையே அதனை நாடிச் செல்லும். வேடன் பெடையின் குரலில் ஆணை அழைக்கிறான். அதாவது முறையைத் தலைகீழாக்குகிறான். குரல் எவ்வளவு செம்மையாயினும், ஆண் பறவை பாதிவழி வந்து, 'இனி நீ வா' என்பதுபோல் நின்றுவிடுவதுண்டு. வேடர் இதனைக் கருவியின் குறை என்று எண்ணி வேறு கருவி வாங்குவர். குறை கருவியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. அன்றியும் ஆண் வான்கோழி இளவேனிற் காலையில் இடி இடித்தாலும் முழங்கும். ஆந்தை அலறினாலும் முழங்கும். வண்டிக் கதவை அறைந்து சாத்தினாலும் முழங்கும். நம் மயிலும் இடிகேட்டு அகவுவது அன்றோ? மறுமொழி கிடைத்ததைக்கொண்டு பறவை நம்பிவிட்டது என்று கொள்ளுதல் தகாது. என் மாணவனின் அரைமணி நேரக் கூவல் அத்தகையதே.

ஆயினும் குரல் அப்பறவைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அறிய ஒரு செய்தி போதும். வொல்ப்காங் சிலைட் என்பாரும் துணையாளரும் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அது. செவிப்புலன் அழிக்கப்பட்ட வான்கோழித் தாய்கள் தாம் பொரித்த குஞ்சுகளையே கொத்திக் கொன்றன. கண்ணெதிரே ஓடும் குஞ்சு கண்ணுக்குக் குஞ்சாகத் தோன்றவில்லை. அதன் குரல் கேட்டால்தான் அது பிள்ளை. கேளாவிடின் கூட்டுக்குள் புகுந்த பகை. இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கபிலர் பாடிய குறுந்தொகை 291ஆம் பாட்டு அப்போது நினைவில் எழுந்தது. தினைப்புனத்திற் கிளி ஓட்டும் கொடிச்சி தன் கையிலுள்ள குளிர் என்னும் கருவியை ஒலிக்கிறாள். அவ்வொலியைக் கிளிகள் அவள் தம்மை அழைக்கும் குரல் என்றே கொண்டு கதிரைவிட்டு எழாமல் இருக்கின்றன. விரட்டும் ஓசை விளிக்கும் ஓசையாகிவிட்டது. இதனைப் புனைந்துரை என்று உரைப்பதே வழக்கம்; யானும் அங்ஙனமே உரைத்து வந்தேன். மூங்கிற் கருவிக்கும் பெண்குரலுக்கும் ஒப்புமை தேடுவோர்க்கு அது புனைந்துரையாகத் தோன்றும். விரல் தட்டலைத் தாயின் அழைப்பாகக் கொள்ளும் குஞ்சினைக் கண்டபின், கிளியின் மயக்கத்தை முற்றும் புனைவு என்று சொல்ல நா எழவில்லை. தமிழில் 'விளி' என்ற சொல்லுக்கு அழைத்தல் என்றும் பொருள். அதன் வினையாகிய 'விளிதல்' இறத்தலையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவன் வேட்டுவன்.

இனி இக்காலத்துக்கு வருவோம். இன்று மலைநாட்டில் பறவையை அழைப்போர் கையில் துண்டும் இல்லை, இலையும் இல்லை, கைப்பேசி இருக்கிறது. உலகத்துப் பறவைக் குரல்களெல்லாம் அதனுள் அடங்கிவிட்டன. அவை போலிக் குரல்கள் அல்ல. உண்மைப் பறவையின் உண்மைக் குரல். நான்காம் நாள் என் மாணவன் அதனையும் கொணர்ந்தான். சேவல் உடனே வந்தது. அழைத்தவனைக் காணாமல் புதரைச் சுற்றிச் சுற்றித் தேடிப் போயிற்று. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் வரவுமில்லை, கூவவுமில்லை. அந்தச் சரிவே ஊமையாயிற்று.

முதியவர் ஒரு காலைக்கு இருமுறைக்குமேல் தொடையைத் தட்டுவதில்லை. "அதிகம் கூப்பிட்டா அதுக்குச் சந்தேகம் வந்துரும், அப்புறம் ஒரு மாசம் அந்தப் பக்கம் போகக்கூடாது" என்பார். வஞ்சனைக்கும் அவரிடத்தே ஓர் அளவு இருந்தது. அவர் பசியே அவ்வளவை விதித்தது. பிழைபட்டால் இரை போய்விடும். கைப்பேசிக்கோ பசி இல்லை, களைப்பும் இல்லை, பிழையும் இல்லை. ஒரே குரலை நூறு முறை சொல்லவல்லது. அதனைக் கையில் வைத்திருப்போர் பறவையை உண்பவரும் அல்லர், அன்புடையோர், படம் எடுத்து மகிழ்வோர். ஆதலின் தாம் தீங்கு செய்வதாக அவர்க்குத் தோன்றுவதில்லை. எல்லையைக் காக்க ஓடிவரும் பறவை அத்துணை நேரமும் இரை தேடுவதை இழக்கிறது. குஞ்சை விட்டு வருகிறது. வென்றோமா தோற்றோமா என்று அறியாமலே திரும்புகிறது. ஒருநாள் ஒருவர் அழைத்தாற் பொறுக்கும். பருவகாலத்தில் ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் அழைத்தால்?

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஓட்டன் சமவெளிக்கு ஏறும் பாதையிலே அரெங்கா குளம் என்று ஒரு சிறு நீர்நிலை உண்டு. இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பறவையின் பழைய அறிவியற் பெயரே அக்குளத்துக்குப் பெயராயிற்று. கருநீல உடல், தோளிலே ஒளிர்நீலத் திட்டு, மலைக்காட்டு ஓடைக்கரைகளில் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே வெளிப்படும் கூச்சமுடைய உயிர். எஞ்சியிருப்பவை சிலவே, அழியும் நிலையிலுள்ள பறவைகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. அதனைக் காண்பதற்கென்றே கடல்கடந்து வருவோர் உளர். அவர்களை அழைத்துவரும் வழிகாட்டிகளுக்கு அது பிழைப்பு. அவ்விளைஞர் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். கொழுந்துக்கூடையைவிட அத்தொழில் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருட் சிலர் ஒலிப்பதிவைத் தொடுவதே இல்லை. இருள் பிரியுமுன் வந்து குளிரில் ஒடுங்கி, பறவை தானே பேசும்வரை காத்திருப்பர். அவர்களைக் கண்டிருக்கிறேன்.

மற்றவரையும் கண்டிருக்கிறேன். ஒருநாள் விடியலில் அங்கு நின்றபோது, வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் கைப்பேசியை அழுத்தினார். ஊசிபோன்ற சீழ்க்கை ஒலி குளத்தின்மேல் எழுந்தது. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ ஒலித்தபோது எதிர்க்கரைப் புதரினின்று அப்பறவை வெளியே வந்து, வேரொன்றின்மேல் ஏறி, தோள்நீலம் தெரியச் சிறகை விரித்துச் சுருக்கிற்று. படக்கருவிகள் சடசடத்தன. நாலைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கைப்பேசி சட்டைப்பைக்குள் போயிற்று. சமவெளிக்குச் செல்லும் அனுமதிச் சீட்டுக்கு நேரமாயிற்று என்று வண்டி புறப்பட்டது. யான் அங்கேயே நின்றேன். வேர்மேல் இருந்த பறவை வண்டி நின்ற இடத்துக்கு எதிரே பறந்து வந்து, கல்லிலிருந்து கல்லுக்குத் தாவி, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. பின்னர்த் தானே ஒருமுறை சீழ்க்கையிட்டு, மறுமொழிக்குக் காத்திருந்தது.